கோட்டா நிறைந்த புளோக்கில் குடியிருப்பவர்கள்: வீவகவுக்கு ஒரு திறந்த மடல்

தேசிய வளர்ச்சி அமைச்சுக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கும் (வீவக),

வணக்கம். மறுவிற்பனை வீடு வாங்கவும் விற்கவும் அலையும் தமிழ்க் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்புவதில் தொடங்கி மேல்முறையீட்டுக் கடிதம் எழுதுவதுவரை துணைநிற்பவர்கள் நாங்கள். ஒரு வட்டாரத்திலும் புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவருக்கும் எத்தனை விழுக்காடு வீடுகள்வரை என்று வரம்பு (கோட்டா) வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை எடுத்துவிடச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. அந்தக் கொள்கை வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஒரு புளோக்கில் எந்த இனத்தவர் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று மாதம் தவறாமல் கணக்கெடுக்கிறீர்கள். அங்கே குடியிருப்பவருக்கு அந்த புளோக் எப்படிப் படுகிறது என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. விற்கும்போது விழும் விலை, இழுத்துக்கொண்டே போகும் மேல்முறையீடு, வாடகை விளம்பரத்தில் வரும் அவமதிப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு குறையிலிருந்து வருவதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது. அதை எண்களோடு சொல்கிறோம்.

கொள்கை 1989 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அப்போது எஸ். தனபாலன் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தார். பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்களும், ஹவ்காங்கில் சீனர்களும், ஈசூனில் இந்தியர்களும் திரளத் தொடங்கியிருந்தார்கள். கம்பத்திலிருந்தும் கடைவீடுகளிலிருந்தும் எல்லாரையும் கலந்து குடியமர்த்திய பிறகும், மறுவிற்பனைச் சந்தை திறந்ததும் மக்கள் தத்தம் உறவினர் பக்கம், கோயில் பள்ளிவாசல் பக்கம் நகர்ந்தார்கள். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் 1964 இனக் கலவரத்தைக் கண்ட ஊர் அதை அப்படியே விட்டிருக்கவும் முடியாது.

வரம்புகள் உங்களுக்குத் தெரிந்தவைதான், வாசகர்களுக்காகச் சொல்கிறோம். சீனர்களுக்கு வட்டாரத்தில் 84 விழுக்காடு, புளோக்கில் 87. மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியர்களையும் பிற இனத்தவரையும் சேர்த்து முதலில் 10, 13 என்று வைத்தீர்கள். 2010இல் 12, 15 என்று உயர்த்தினீர்கள்.

இதை 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குடியிருப்பாளர்களில் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9.0, பிறர் 3.2. சீனர்களுக்கு வட்டார வரம்பில் கிட்டத்தட்ட பத்துப் புள்ளி இடம் மிச்சம் இருக்கிறது. மலாய்க்காரர்களுக்கு எட்டரைப் புள்ளி. இந்தியர்களும் பிறரும் சேர்ந்தால் 12.2. அவர்களுக்கான வட்டார வரம்போ 12. நீங்கள் எண்ணுவது வீடுகளை, கணக்கெடுப்பு எண்ணுவது ஆட்களை. தனியார் வீடுகளில் இருப்பவர்களும் அதற்குள் வருகிறார்கள். ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். அந்தத் தள்ளுபடியெல்லாம் போக, மூன்று பிரிவுகளில் ஒன்றுக்கு மட்டும் மூச்சுவிட இடமில்லை என்பது மாறவில்லை. 2010இல் செய்த திருத்தத்துக்கு அடிப்படையாக இருந்த எண்கள் பழையவை. 2020 எண்களை வைத்து மூன்று வரம்புகளையும் மறுபடி போடுங்கள். அடுத்த திருத்தத்துக்கு இன்னொரு 20 ஆண்டு காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் மறுபார்வை என்பதை விதியாகவே எழுதிவையுங்கள்.

இனி ஒரு புளோக்கின் உள்ளே போவோம். பன்னிரண்டு மாடி, மாடிக்குப் பத்து வீடு, ஆக 120 வீடுகள். சீனர் வரம்பு 87 விழுக்காடு என்றால் 104 வீடுகள். அந்த வரம்பு நிறைந்துவிட்டால் மீதி 16. மலாய்க்காரர், தமிழர், மலையாளி, பஞ்சாபி, யுரேஷியர், பிலிப்பினோ எல்லாரும் அந்தப் பதினாறுக்குள். சராசரியாக மாடிக்கு ஒன்றரை வீடுகூட இல்லை. நடைமுறையில் இப்படிச் சமமாகப் பிரிவதில்லை. ஒரு மாடியில் மூன்று, இன்னொன்றில் இரண்டு என்று வந்தால் மூன்று நான்கு மாடிகளில் ஒன்றுகூட இருக்காது. உங்கள் அட்டவணையில் அது கலப்பு புளோக். எட்டாம் மாடியில் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கும் ஒரே வீட்டுக்காரருக்கு அது அப்படிப் படாது. அதே மாடியில் இருக்கும் சீனக் குடும்பத்தைக் கேட்டால், "எங்கள் புளோக்கில் எல்லா இனமும் உண்டு" என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மின்தூக்கியில் தினம் ஓர் இந்தியரையோ மலாய்க்காரரையோ பார்ப்பவருக்கு புளோக் கலந்துதான் தெரியும். தீபாவளிப் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டலாம் என்று யோசிப்பவருக்கு அது வேறு மாதிரி தெரியும்.

புளோக்கின் அமைப்பும் இதில் சேர்கிறது. பழைய நீளமான புளோக்குகளில் ஒரே தாழ்வாரத்தில் பத்துப் பன்னிரண்டு வீடு இருக்கும். மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்ற காலத்தில், இறங்கி ஒரு மாடி ஏறி அடுத்தவர் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் முதியவர்களுக்குப் பெரிய வரம், அதில் சந்தேகமில்லை. கூடவே அந்த நடையும் போயிற்று. புதிய புளோக்குகளில் மின்தூக்கியைச் சுற்றி ஆறு எட்டு வீடுகள், எதிரெதிரே மூடிய கதவுகள். கீழ்த்தளமும் சுருங்கி, அதன் வேலையைத் தனியே கட்டிய ஒரு மண்டபத்துக்கு மாற்றிவிட்டீர்கள். மலாய்க் கல்யாணமும் சீன இறுதிச் சடங்கும் தமிழர் வீட்டுத் துக்கமும் ஒரே கூரைக்கடியில் வாரம் மாற்றி நடந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அடுத்தவர் வழக்கத்தைத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விகிதம் அப்படியே இருக்கட்டும். தாழ்வாரம் குறுகி, கீழ்த்தளம் ஒதுங்கிப் போனால், அதே விகிதம் குடியிருப்பவர் கண்ணுக்குக் குறைவாகத்தான் தெரியும். புதிய பேட்டைக்கு வரைபடம் போடுபவரும் கோட்டாவைக் கணக்குப் போடுபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது இதனால்தான்.

இது வெறும் மனக்குறை என்று தள்ளிவிட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. சிங்கப்பூரின் இந்தக் கோட்டாவையே வைத்துச் செய்யப்பட்ட பொருளியல் ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. தொலைபேசிப் புத்தகத்திலிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை இனவாரியாகப் பிரித்து, எந்த வட்டாரத்தில் எவ்வளவு கலப்பு என்று கண்டுபிடித்து, மக்கள் எங்கே வீடு வாங்க விரும்புகிறார்கள் என்பதோடு அதைப் பொருத்திப் பார்த்தார்கள். எல்லா இனத்தவருமே தம்மவர் கொஞ்சம் பேர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். அந்த அளவு எட்டிவிட்டால், அடுத்து வருபவர் வேற்றினத்தவராக இருப்பதையே விரும்புகிறார்கள். சிங்கப்பூரர்கள் கலப்பை வெறுக்கவில்லை, தனித்துவிடப்படுவதைத்தான் வெறுக்கிறார்கள் என்று நாங்கள் இதைப் புரிந்துகொள்கிறோம். உங்கள் கொள்கைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அதே சமயம், உங்கள் விதி எந்த இடத்தில் முட்டிக்கொள்கிறது என்பதையும் இதுவே காட்டுகிறது.

முட்டிக்கொள்ளும் இடம் விற்பனை. சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் சீனர் ஒருவர் தம் வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். சீனர் போய்ச் சீனர் வந்தால் விகிதம் மாறாது. இந்தியரோ மலாய்க்காரரோ விற்றால், சீனருக்கு விற்க முடியாது. அதாவது மக்கள்தொகையில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் அந்த வீட்டை வாங்க முடியாதவர்கள். மிச்சமிருக்கும் கால்வாசியிலிருந்து ஒரு மலாய்க்காரரோ இந்தியரோ பிற இனத்தவரோ வர வேண்டும். அவர் வருவாரா? மேலே சொன்ன ஆய்வை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். தம்மவர் அரிதாக இருக்கும் புளோக் அது, ஆகவே அவர் தயங்குவார். வாங்கத் தகுதியுள்ளவருக்கு ஆசை இல்லை, ஆசையுள்ளவருக்குத் தகுதி இல்லை. விலை இறங்குவது இதனால்தான். அந்த இறக்கத்தை முழுதாகத் தாங்குவது விற்கும் சிறுபான்மைக் குடும்பம். ஒருங்கிணைப்பால் நாடு முழுவதும் பயன்பெறுகிறது, அதற்கான செலவு மட்டும் ஒரு வீட்டுக்காரர் பையிலிருந்து போகிறது. தனியார் கூட்டுரிமை வீடுகளுக்கு இந்தக் கொள்கை இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வசதி படைத்தவர்கள் இதற்கு ஒரு வெள்ளிகூடக் கொடுப்பதில்லை.

இந்தியர், பிறர் வரம்பு நிறைந்த புளோக்கில் நிலைமை தலைகீழ். அங்கே இந்தியர் யாருக்கும் விற்கலாம். வாங்க நினைக்கும் இந்தியரோ இன்னோர் இந்தியரிடமோ பிற இனத்தவரிடமோதான் வாங்க முடியும். புளோக்கில் ஏறக்குறைய 15 விழுக்காடு வீடுகள், அதிலும் விற்பனைக்கு வருபவை ஒன்றிரண்டு. அம்மா அப்பா இருக்கும் வட்டாரத்திலேயே வீடு தேடும் இளம் தம்பதிகள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த நிலை ஒரு சில புளோக்குகளோடு முடிவதில்லை. 2021இல் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வீவக புளோக்குகள் ஏதேனும் ஒரு வரம்பை எட்டியிருந்தன.

விற்பனையின் ஒவ்வொரு படியிலும் என்ன தவறுகிறது என்று பார்ப்போம். விற்பவர் உங்கள் மறுவிற்பனைத் தளத்தில் விற்கும் எண்ணத்தைப் பதிவு செய்கிறார். ஏழு நாள் கழித்துத்தான் வாங்கும் உரிமைப் பத்திரம் கொடுக்கலாம். வாங்குபவர் கையில் வீவக வீட்டுத் தகுதிக் கடிதம் இருக்க வேண்டும். அது ஒன்பது மாதம் செல்லும். உரிமைப் பத்திரத்துக்கு 1 வெள்ளி முதல் 1,000 வெள்ளிவரை முன்பணம். வாங்குபவர் மத்திய சேம நிதியையோ வீட்டுக் கடனையோ பயன்படுத்துவதாக இருந்தால் அடுத்த வேலைநாளுக்குள் மதிப்பீடு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு 120 வெள்ளி. உரிமையைச் செயல்படுத்த, அதாவது வாங்குவதை உறுதிப்படுத்த, 21 நாள். அதன்பிறகு இரு தரப்பும் ஒருவருக்கொருவர் ஏழு நாளுக்குள் மறுவிற்பனை விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க வேண்டும்.

இனக் கோட்டா நிலவரம் மாறுவது ஒவ்வொரு மாதமும் முதல் தேதி. மாதத்தின் பத்தாம் தேதிக்குப் பிறகு கொடுக்கப்படும் எந்த உரிமைப் பத்திரமும், முழு 21 நாளும் எடுத்துக்கொண்டால், அந்த முதல் தேதியை மிதிக்காமல் போகவே முடியாது. 20ஆம் தேதி இணையத்தில் பார்த்தபோது "இந்தியர் வாங்கலாம்" என்றிருந்தது 1ஆம் தேதி "வாங்க முடியாது" என்று மாறிவிட்டால், விண்ணப்பம் நிற்காது. மதிப்பீட்டுக் கட்டணம், வழக்கறிஞர் செலவு, காத்திருந்த வாரங்கள் எல்லாம் வீண். இரு தரப்பிலும் யாரும் தவறு செய்யவில்லை. இதற்குத் தீர்வு சுலபம். உரிமைப் பத்திரம் கொடுத்த நாளில் இருந்த கோட்டா நிலவரமே விண்ணப்பம் முடியும்வரை செல்லும் என்று வையுங்கள். வேண்டுமானால் அந்த வீட்டைக் கோட்டாவில் தற்காலிகமாகப் பதிந்துகொண்டு, 21 நாளில் உரிமை செயல்படுத்தப்படாவிட்டால் விடுவித்துவிடலாம். விற்கும் எண்ணம், மதிப்பீடு, விண்ணப்பம் எல்லாமே ஒரே தளத்தில் நடக்கும்போது இது கணினிக்குப் பெரிய வேலை இல்லை.

இன்னொன்று: உங்கள் கோட்டா பக்கம் ஆம், இல்லை என்று மட்டுமே சொல்கிறது. வரம்புக்கு இன்னும் எத்தனை வீடு இருக்கிறது என்று சொல்வதில்லை. சின்ன புளோக்குகளில் இது பெரிய வித்தியாசம். 48 வீடு உள்ள புளோக்கில் ஒரு வீடு என்பது இரண்டு விழுக்காட்டுக்கும் மேல். 15 விழுக்காடு என்றால் ஏழு வீடு. ஆறாவது வீட்டிலிருந்து ஏழாவதுக்குப் போக ஒரே ஒரு விற்பனை போதும். அடுத்த மாதம் நிலவரமே வேறு. "இன்னும் ஒரு வீடு", "இரண்டு வீடு" என்று காட்டினால் குடும்பங்கள் அதற்கேற்பத் திட்டமிடும். அல்லது 60 வீட்டுக்கும் குறைவான புளோக்குகளைப் பக்கத்து புளோக்கோடு சேர்த்து ஒரே அலகாகக் கணக்கிடுங்கள். பக்கத்து புளோக்குக்காரரும் அதே கடைக்கும் அதே பேருந்து நிறுத்தத்துக்கும்தான் வருகிறார்.

விற்க முடியாமல் தவிப்பவருக்குக் கெடு வேறு துரத்துகிறது. இன்னொரு வீவக வீட்டுக்குச் சாவி வாங்கியவர் பழைய வீட்டை ஆறு மாதத்தில் கைமாற்ற வேண்டும். தனியார் வீடு வாங்கிய குடியுரிமைத் தம்பதி, இரண்டாம் சொத்துக்கான 20 விழுக்காட்டுக் கூடுதல் முத்திரை வரியைத் திரும்பப் பெற வேண்டுமானாலும் முதல் வீட்டை ஆறு மாதத்தில் விற்றாக வேண்டும். முழுச் சந்தையும் திறந்திருக்கும் சீன அண்டைவீட்டாருக்கும் கால்வாசிச் சந்தை மட்டுமே திறந்திருக்கும் இந்தியருக்கும் அதே ஆறு மாதம்தான். மேல்முறையீடு செய்தால் அவகாசம் தருகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் மேல்முறையீடு என்பது கெடு நெருங்கும் நேரத்தில், பதில் எப்படி வருமோ என்ற அச்சத்தில் எழுதப்படுவது. அந்த அச்சத்திலேயே பலர், வாங்க வந்தவர் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். விற்கும் எண்ணத்தைப் பதிவு செய்யும் நாளிலேயே அந்த வீடு வரம்பால் கட்டுப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அப்போதே ஆறு மாதத்தைத் தானாகப் பன்னிரண்டு ஆக்கிவிடுங்கள். யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

2022 மார்ச்சில் வரம்பால் கட்டுப்பட்ட வீடுகளை வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தீர்கள். இந்தச் சிக்கல் உண்மையானது என்பதை அரசாங்கம் அதில் ஏற்றுக்கொண்டது, அதை மதிக்கிறோம். ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள்: பத்து ஆண்டு உரிமையாளராக இருந்திருக்க வேண்டும், ஆறு மாதம் விற்க உண்மையாக முயன்றிருக்க வேண்டும். அவசரமாக விற்பவர் யார்? ஏழாம் ஆண்டில் விவாகரத்து ஆனவர், வேலை போய்த் தவணை கட்ட முடியாதவர், பெற்றோர் வீட்டைப் பங்கு பிரிக்க வேண்டிய பிள்ளைகள். இவர்களுக்குப் பத்தாண்டு என்பது மூடிய கதவு. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்தாண்டு முடிந்தாலே போதும் என்று மாற்றுங்கள். எந்த அடிப்படையில் விலை நிர்ணயிக்கிறீர்கள் என்பதை வெளியிடுங்கள். அண்டை வீட்டுச் சீனர் திறந்த சந்தையில் பெறும் விலைதான் அளவுகோலாக இருக்க வேண்டும். வாங்கிய வீட்டை எஞ்சிய வீடுகளின் விற்பனையில் தகுதியுள்ள இனத்தவருக்குக் கொடுக்க உங்களுக்கு வழி இருக்கிறது, தனியாருக்கு அது இல்லை.

இதைவிட முன்னதாகவே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி, சேர்ந்தே இருக்க வாங்கினால் 30,000 வெள்ளி என்று அருகாமை மானியம் தருகிறீர்கள். குடும்பம் பக்கத்தில் இருப்பது நாட்டுக்கு நல்லது என்பதால் அதற்குப் பணம். அதே நியாயப்படி, சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் வீடு வாங்கத் துணியும் சிறுபான்மைக் குடும்பத்துக்கும் ஓர் ஒருங்கிணைப்பு மானியம் தரலாம். வாங்குபவரின் தயக்கமும் குறையும், விற்பவரின் விலையும் நிற்கும். செலவு பொது நிதியிலிருந்து போகும். அது போக வேண்டிய இடமும் அதுதான்.

பிரிவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சில. இந்தியர், பிறர் என்ற ஒரே பெட்டிக்குள் நான்கு தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழரும், போன ஆண்டு நிரந்தரவாசம் பெற்ற வட இந்தியரும், யுரேஷியரும் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். அடுத்தடுத்து இருந்தாலும் ஒருவரையொருவர் தம்மவராகக் கருத வேண்டும் என்பதில்லை. கலப்புத் திருமணத் தம்பதி கணவன் இனத்தையோ மனைவி இனத்தையோ தேர்ந்தெடுக்கலாம் என்பது நல்ல ஏற்பாடு. 2011 முதல் இரட்டை இனப் பதிவு வந்தபோதும், கோட்டாவுக்கு முதலில் வரும் இனத்தையே எடுத்துக்கொள்கிறீர்கள். குழந்தை பிறந்த நேரத்தில் எந்த இனத்தை முதலில் எழுதுவது என்று முடிவுசெய்யும் பெற்றோர், அது 25 ஆண்டு கழித்து வீட்டு விலையைப் பாதிக்கும் என்று நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. பதிவு அலுவலகத்திலேயே அதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

நிரந்தரவாசிகளுக்கு இரட்டைக் கதவு. இனக் கோட்டாவோடு, மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கு வட்டாரத்தில் 5, புளோக்கில் 8 விழுக்காடு என்ற வரம்பும் 2010இலிருந்து இருக்கிறது. நிரந்தரவாசம் பெற்று மூன்று ஆண்டு ஆனபிறகுதான் வாங்கவே முடியும். மூன்றாண்டு காத்திருந்து, கோட்டா பார்த்து வந்த சென்னைக் குடும்பம் ஒரு புளோக்கில் இனக் கோட்டா திறந்திருந்தும் நிரந்தரவாசிக் கோட்டா மூடியிருப்பதைப் பார்க்கிறது. இரண்டையும் ஒரே திரையில், எது தடுக்கிறது என்று தெளிவாகக் காட்டுங்கள். தெரியாமல் முன்பணம் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாடகைப் பக்கம் கோட்டா இருக்கிறது, ஒருங்கிணைப்பு இல்லை. முழு வீட்டையும் மலேசியர் அல்லாத, சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வாடகைக்கு விட வட்டாரத்தில் 8, புளோக்கில் 11 விழுக்காடு வரம்பு. ஆனால் வீட்டுக்காரர் விளம்பரத்திலேயே "இந்தியர் வேண்டாம்" என்று போட்டால் அவரைத் தடுக்க நேரடியான சட்டம் இல்லை. விளம்பரத்தில் போடாமல், தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்பவர்கள் அதைவிட அதிகம். சமையல் வாசனை என்பார்கள். ஒப்பந்தத்தில் "மிதமான சமையல் மட்டும்" என்று எழுதுவார்கள். 2011இல், இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனை பற்றி அண்டைவீட்டார் செய்த புகாரில் எட்டப்பட்ட சமரசம் பற்றிய செய்தி வெளிவந்ததும், ஆகஸ்ட் 21 ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானோர் இனம் பாராமல் வீட்டில் கறி சமைத்து நின்றார்கள். பொதுமக்கள் மனம் எந்தப் பக்கம் என்பதற்கு அது சாட்சி. 2025இல் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் வேலையில் இனப் பாகுபாட்டைத் தடுப்பதற்கானது, வாடகை வீட்டுக்கு அது செல்லாது. வீவக வீட்டை வாடகைக்கு விட உங்கள் அனுமதி வேண்டும் என்பதால் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. அனுமதி விண்ணப்பத்தில், இந்த வீட்டுக்கான விளம்பரத்தில் இனம் குறித்த நிபந்தனை எதுவும் வைக்கவில்லை என்று வீட்டுக்காரரும் முகவரும் உறுதிமொழி தரட்டும். பொய் என்று நிரூபணமானால் ஓராண்டுக்கு அனுமதி இல்லை என்று வையுங்கள். பொது நிதியில் கட்டிய வீட்டுக்கு இது கடுமையான நிபந்தனையே அல்ல.

கடைசியாக, முதலில் சொன்ன கணக்கு. 1968 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாதிரிக் குடும்ப ஆய்வு நடத்துகிறீர்கள். அக்கம்பக்க உறவு பற்றியும் கேட்கிறீர்கள். அடுத்த சுற்றில் கேள்விகளைத் தாழ்வார அளவுக்கு இறக்குங்கள். உங்கள் மாடியில் வேற்றினக் குடும்பங்கள் எத்தனை என்று நினைக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேரைப் பெயர் சொல்லித் தெரியும்? அவசரத்துக்கு வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள், அவர் எந்த இனம்? உங்கள் இனத்தவர் இந்த புளோக்கில் போதுமான அளவு இருப்பதாகத் தோன்றுகிறதா? முதல் கேள்விக்கு வரும் பதிலை உங்களிடமுள்ள உண்மை எண்ணிக்கையோடு ஒப்பிடலாம். நினைப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரம் எந்த இனத்துக்கு, எந்த வகை புளோக்கில் அதிகம் என்று தெரிந்துவிடும். விடைகளை இனவாரியாகவும், வரம்பு எட்டிய புளோக், எட்டாத புளோக் என்றும், பழைய தாழ்வார அமைப்பு, புதிய அமைப்பு என்றும் பிரித்து வெளியிடுங்கள். கேள்விகளைத் தமிழில் வைக்கும்போது வீட்டிலுள்ள மூத்தவர்களையும் கேளுங்கள். பகல் முழுவதும் புளோக்கில் இருப்பவர்கள் அவர்கள்தான்; எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது குடும்பத் தலைவரைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இந்த மடலில் உள்ள ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கிறோம், ஏற்கவில்லை, ஏற்காததற்குக் காரணம் இது என்று தனித்தனியே எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மறுவிற்பனை வீட்டு விவகாரங்களில் தமிழ்க் குடும்பங்களுக்குத் துணைநிற்போர்,
சிங்கப்பூர்